ஐந்நூறு ரூபாய் குற்றம், ஒரு கோடி ரூபாய் இரகசியம்: தேர்தல் நிதியைத் தலித் மக்கள் ஏன் கேள்வி கேட்க வேண்டும்?

குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் அஞ்சார் என்றோர் ஊர் உண்டு. அங்கு வாழும் தலித் உழவர் குடும்பம் ஒன்றின் நிலம் பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. இழப்பீடாகக் கோடிக்கணக்கில் பணம் வந்தது. 2023 அக்டோபரில் அந்தக் குடும்பத்தினரின் பெயர்களில் 11 கோடி ரூபாய்க்கும் சற்று அதிகமான மதிப்பில் தேர்தல் பத்திரங்கள் வாங்கப்பட்டன. சில நாள்களுக்குள் அவற்றில் 10 கோடி ரூபாயைப் பாரதிய ஜனதா கட்சியும் மீதியைச் சிவசேனாவும் பணமாக்கிக்கொண்டன. இந்தப் பத்திரத்தில் பணத்தைப் போட்டால் சில ஆண்டுகளில் ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும் என்று நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் சொல்லி நம்பவைத்தார் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. தாங்கள் கட்சிக்கு நன்கொடை கொடுத்திருக்கிறோம் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் காவல்துறையில் புகார் அளித்தார்கள்.

இந்தக் குற்றச்சாட்டின் உண்மையை விசாரணையே முடிவு செய்ய வேண்டும். ஆனால், பத்திரம் வாங்கியோரின் பட்டியல் 2024 மார்ச்சில் வெளிவந்திராவிட்டால், கட்ச் மாவட்டத்து உழவர் ஒருவரின் பெயரில் ஆளும் கட்சிக்குப் பத்துக் கோடி ரூபாய் போயிருக்கிறது என்பதை நாடு அறிந்திருக்காது. நிலத்தை இழந்த குடும்பம், அந்த நிலத்திற்கு ஈடாகக் கிடைத்த பணத்தையும் இழந்துவிட்டதாகக் கூறுகிறது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த பாதையை ஆறு ஆண்டுகளாகச் சட்டமே மூடி வைத்திருந்தது.

தேர்தல் நிதியின் வெளிப்படைத்தன்மை என்பதைப் படித்த நடுத்தர வர்க்கத்தின் ஒழுக்கக் கவலையாகவே நாம் பல நேரங்களில் கடந்து போகிறோம். நிலம், கூலி, வன்கொடுமை, இட ஒதுக்கீடு என்று நம் முன்னால் நிற்கும் சிக்கல்களுக்கு நடுவே கட்சிகளின் வரவு செலவுக் கணக்கு தொலைவானதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால், அந்தக் கணக்கின் இருட்டு நம்மைத்தான் முதலில் தாக்குகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பத்திரம் எவ்வாறு இயங்கியது?

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக வழி திறக்கப்பட்டு, 2018 ஜனவரி 2 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கை செய்யப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான ஐந்து மதிப்புகளில் பத்திரங்கள் விற்கப்பட்டன. வாங்குபவர் தமக்கு விருப்பமான கட்சியிடம் பத்திரத்தைக் கொடுப்பார். கட்சி அதைப் பதினைந்து நாள்களுக்குள் தன் வங்கிக் கணக்கில் செலுத்திப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் இராது, பெறும் கட்சியின் பெயரும் இராது.

இதற்காக நான்கு சட்டங்கள் வளைக்கப்பட்டன. பத்திரம் வழியாகப் பெற்ற நன்கொடையைத் தேர்தல் ஆணையத்திற்குத் தெரிவிக்கும் கடமையிலிருந்து கட்சிகளை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தம் விடுவித்தது. அவற்றின் கொடையாளர் பதிவேட்டைப் பேணும் கடமையை வருமான வரிச் சட்டத் திருத்தம் நீக்கியது. ஒரு நிறுவனம் தன் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் 7.5 விழுக்காட்டிற்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பை நிறுவனங்கள் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்பதைக் கணக்கில் காட்ட வேண்டிய தேவையும் அத்துடன் போயிற்று. ஆகவே, நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளைக் கொடுக்க இயன்றது. பணத்தைக் கடத்துவதற்காகவே பெயரளவுக்குத் தொடங்கப்படும் நிறுவனத்திற்கும் வாய்ப்புத் திறந்தது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் ஏற்கெனவே தளர்த்தப்பட்டிருந்தது. இந்தத் திட்டம் ஒரு பின்னடைவு என்று தேர்தல் ஆணையமே 2017இல் சட்ட அமைச்சகத்திற்கு எழுதியது. இந்திய ரிசர்வ் வங்கியும் தன் அச்சத்தைத் தெரிவித்திருந்தது. எதுவும் கேட்கப்படவில்லை.

இந்த இரகசியம் எல்லோருக்கும் ஒரே மாதிரியானதாக இல்லை. பத்திரத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அடையாள எண் ஒன்று இருந்தது. புற ஊதா ஒளியில் மட்டுமே அது தெரியும் என்பதை ஓர் ஊடகவியலாளர் 2018இல் வெளிப்படுத்தினார். யார் வாங்கினார் என்ற பதிவு பொதுத்துறை வங்கியிடம் இருந்தது. விசாரணை அமைப்புகள் கேட்டால் அதைக் கொடுக்கலாம் என்று திட்டத்திலேயே இடமும் இருந்தது. அரசை நடத்துவோருக்கு எட்டக்கூடிய தகவல், அந்த அரசைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளருக்கு எட்டாமல் வைக்கப்பட்டது.

தீர்ப்பும் பட்டியலும்

2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்திட்டத்தை ஒருமனதாக இரத்து செய்தது. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு உறுதியளிக்கும் தகவல் அறியும் உரிமையை இது மீறுகிறது என்றும், நிறுவனங்கள் வரம்பின்றிக் கொடுக்க வழிவிட்ட திருத்தம் சமத்துவத்திற்கு எதிரானது என்றும் நீதிமன்றம் கூறியது. 2019 ஏப்ரல் 12 முதல் விற்ற பத்திரங்களின் விவரத்தை மூன்று வாரங்களுக்குள் தருமாறு பாரத ஸ்டேட் வங்கிக்கு ஆணையிட்டது. வங்கியோ ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதற்குள் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து, புதிய அரசும் பதவியேற்றிருக்கும். நீதிமன்றம் அந்த அவகாசத்தை மறுத்த பிறகே விவரம் வெளிவந்தது. கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைத்துப் பார்க்க உதவும் எண்களைப் பெற மேலும் ஒரு முறை நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது.

2018 முதல் 2024 ஜனவரி வரை ஏறத்தாழ 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்கப்பட்டிருந்தன. தொகையளவில் அவற்றுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். பொதுமக்கள் இதை வாங்கவில்லை என்பதற்கு இந்த ஒரு விவரமே போதும். வெளியான பட்டியலின் காலத்தில் மட்டும் பாரதிய ஜனதா கட்சி ஏறத்தாழ 6,060 கோடி ரூபாய் பெற்றது. திரிணாமுல் காங்கிரஸ் 1,600 கோடியையும், காங்கிரஸ் 1,400 கோடியையும், பாரத் ராஷ்டிர சமிதி 1,200 கோடியையும் தாண்டின. மிகப்பெரிய கொடையாளராக வெளிப்பட்டது, கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம். அது 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வாங்கியிருந்தது. லாட்டரிச் சீட்டுத் தடை செய்யப்பட்ட தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகம் பத்திரங்கள் வழியாகப் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த நிறுவனத்தினுடையது. தனக்குக் கொடுத்தோரின் பெயர்களைத் தேர்தல் ஆணையத்திடம் தானே தெரிவித்த மிகச் சில கட்சிகளுள் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

லாட்டரிச் சீட்டின் பணம் யாருடைய பணம்? அன்றாடங்காய்ச்சிகள், மூட்டை தூக்குவோர், துப்புரவுத் தொழிலாளர் என்று கூலியில் பத்தும் இருபதுமாக எடுத்து நம்பிக்கையை வாங்கியவர்களின் பணம். அது ஓரிடத்தில் குவிந்து, ஒரு கோடி ரூபாய்த் தாளாக மாறிக் கட்சி அலுவலகத்திற்குப் போகும்போது, கொடுத்தவர் என்ற பெயரும் அதனுடன் வரும் செல்வாக்கும் முதலாளிக்கே உரியவையாகிவிடுகின்றன.

யார் குற்றவாளி?

தமிழ்நாட்டில் வாக்குக்குப் பணம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் விரல் நீள்வது சேரியை நோக்கியும் குடிசைப் பகுதியை நோக்கியுந்தான். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயரால் ஒரு சூத்திரமே உருவானது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தல் தள்ளிப்போனது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதித் தேர்தலும் பணப் புழக்கத்தால் இரத்தாயின. ஒவ்வொரு முறையும் ஏழைகள் வாக்கை விற்கிறார்கள் என்ற வசை மட்டும் மாறாமல் ஒலிக்கிறது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். இப்போது நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவின்படி, வாக்குக்காகப் பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே நிலைதான். ஆகவே, ஐந்நூறு ரூபாய் வாங்கிய கூலித் தொழிலாளி சட்டத்தின் முன் குற்றவாளி. அதே காலத்தில், அரசு ஒப்பந்தத்தை எதிர்பார்க்கும் நிறுவனம் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் ஒன்றை வாங்கி ஆளும் கட்சியிடம் கொடுத்தால் அது சட்டப்படியான நன்கொடை. அந்த ஒரு தாளின் மதிப்பில் ஐந்நூறு ரூபாயை இருபதாயிரம் பேருக்குக் கொடுக்கலாம். இருபதாயிரம் பேரின் பெயரும் கேவலப்படுகிறது. ஒரு பெயர் மட்டும் காக்கப்பட்டது.

வாக்குக்குப் பணம் பெறுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. அது நம் மக்களின் பேரவலிமையைக் கெடுக்கிறது. ஐந்து ஆண்டுக்கான கேள்வியை ஒரு நாள் கூலிக்கு அடைத்துவிடுகிறது. ஆயினும் அந்தப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. மேலே இரகசியமாகக் கொடுக்கப்படும் கோடிகளின் கடைசிச் சில்லறைதான் கீழே நம் தெருவுக்கு வருகிறது. சில்லறையைப் பிடிக்கப் பறக்கும் படை இருக்கிறது. கோடியின் தோற்றுவாயைத் தேட எந்தப் படையும் இல்லை.

பணத்திற்கும் சாதி உண்டு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் நாட்டில் 16.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் 20 விழுக்காட்டினர். ஆனால் நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருப்பது பத்து விழுக்காட்டிற்கும் குறைவு. பெரிய நிறுவனங்களின் உரிமையிலும் இயக்குநர் குழுக்களிலும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ண விரல்களே மிகுதி. எனவே, பணம் அரசியலில் எவ்வளவு பேசுகிறதோ அந்த அளவிற்குச் சாதியும் பேசுகிறது. வாக்கில் ஒருவருக்கு ஒன்று என்ற சமத்துவம் உண்டு. நன்கொடையில் அது இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய அவையில் ஆற்றிய உரையில் இதைத்தான் எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நிலவும் ஒரு முரண்பாட்டுக்குள் நாம் நுழைகிறோம். அதை விரைவில் களையாவிட்டால் மக்களாட்சியின் கட்டமைப்பே தகர்ந்துபோகும் என்பது அவர் சொன்னதன் சாரம். தேர்தல் பத்திரம் அந்த முரண்பாட்டைக் களையவில்லை. பொருளாதார ஏற்றத்தாழ்வு அரசியல் சமத்துவத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள அது ஒரு சட்டப் பாதையைப் போட்டுக் கொடுத்தது.

தேர்தலில் நிற்க விரும்பும் தலித் வேட்பாளர் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 25,000 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 12,500 ரூபாய். சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாயும் அதில் பாதியும். நம் வறுமையைச் சட்டம் அந்த வாசலில் ஒத்துக்கொள்கிறது. வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுகிறது. பெரிய மாநிலங்களில் வேட்பாளரின் செலவு வரம்பு நாடாளுமன்றத் தொகுதிக்கு 95 இலட்சம், சட்டமன்றத் தொகுதிக்கு 40 இலட்சம் என 2022இல் உயர்த்தப்பட்டது. கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே இல்லை. கட்சியின் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அன்றைய அரசு சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பைச் செயலற்றதாக்கியது. ஐம்பது ஆண்டுகளாக அந்த ஓட்டை அடைக்கப்படவில்லை. கட்சிகள் மாறின, ஓட்டை அப்படியே இருக்கிறது.

இதன் விளைவைத் தனித்தொகுதிகளில் காணலாம். 1932 பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதிகளை நீக்கிக் கூட்டுத் தொகுதிகளில் ஒதுக்கீட்டைத் தந்தது. இன்று மக்களவையின் 543 இடங்களில் 84 பட்டியல் சாதியினருக்கு. தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44. பெரும்பாலான தனித்தொகுதிகளில் தலித் வாக்காளர்கள் பெரும்பான்மையினர் அல்லர். வேட்பாளரைக் கட்சித் தலைமை தேர்ந்தெடுக்கிறது. செலவுக்கான பணமும் கட்சியிடமிருந்தே வர வேண்டும். இந்த நிலையில், சொந்தப் பணமில்லாத ஒருவர் வென்று அவைக்குச் சென்றபின் ஆணவக் கொலை குறித்தோ பஞ்சமி நிலம் குறித்தோ தலைமைக்குப் பிடிக்காத கேள்வியை எழுப்ப எவ்வளவு துணிவு வேண்டும்? துணிந்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால், துணிவுள்ளவருக்கு மறுமுறை இடம் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளும் வலிமை பணத்தைக் கையாள்வோரிடம் இருக்கிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் வரலாறு நமக்குத் தெரியும். 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பின்பு, பத்து ஆண்டுகளாக அங்கே ஊராட்சி மன்றம் இயங்க விடப்படவில்லை. ஆதிக்கச் சாதியினர் தங்களைச் சார்ந்து பிழைக்கும் ஒருவரை நிறுத்தி, வென்றதும் பதவி விலக வைத்தார்கள். அதற்கு வெட்டரிவாள் எப்போதும் தேவைப்படவில்லை. நாளைய கூலி யார் கையில் என்பதே போதுமானதாக இருந்தது. பணிய மறுத்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டார்கள். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது தலைவர் பதவி இலட்சக்கணக்கில் ஏலம் விடப்படுவதாகப் பல ஊர்களிலிருந்து செய்தி வந்தது. ஊர்ப் பொது மடைக்கும் கோயிலுக்கும் பணம் கொடுப்பவர் தலைவர் என்றால், ஏலத்தில் உட்காரவே அழைக்கப்படாத சேரி அங்கே குடிமக்களாக எண்ணப்படவில்லை என்பதே பொருள். ஊராட்சியில் ஏலமாக வெளிப்படையாக நடந்ததுதான், தில்லியில் பத்திரமாக மறைவாக நடந்தது.

நம் பக்கத்துக் கணக்கு

இந்தக் கேள்வியை நம் இயக்கங்களிடமும் நாம் கேட்டாக வேண்டும். கான்ஷிராம் 1978இல் அமைத்த பாம்செஃப், தலித், பிற்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த அரசு ஊழியர்களின் சம்பளத்திலிருந்து வந்த சந்தாவில் வளர்ந்தது. முதலாளிகளின் தயவின்றி ஓர் அரசியலைக் கட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. பின்னாளில் தோன்றிய பகுஜன் சமாஜ் கட்சி தேர்தல் பத்திரம் எதையும் பெறவில்லை. இடதுசாரிக் கட்சிகளும் பெறவில்லை. இது பதிவு செய்யத்தக்க நேர்மை.

ஆனால் அதே பகுஜன் சமாஜ் கட்சி, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு நன்கொடைகூடத் தனக்கு வரவில்லை என்று ஆண்டுக்காண்டு தேர்தல் ஆணையத்திடம் கூறி வந்துள்ளது. அந்தத் தொகைக்கு மேல் இருந்தால்தான் கொடுத்தவர் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எளிய மக்களின் சிறு காணிக்கைகளே அனைத்தும் என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அதை மெய்ப்பிக்கும் கணக்கைத் தொண்டர்களின் முன் வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. நம் மக்கள் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக் கொடுத்த பணம் அது. அதற்குக் கணக்குக் கேட்பது துரோகம் ஆகாது.

பத்திரம் போனபின் எஞ்சியிருப்பவை

பத்திரம் ஒழிந்தது, பெரும் பணம் ஒழியவில்லை. நிறுவனங்கள் இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகக் கொடுக்கின்றன. பெயர்கள் ஆண்டறிக்கையில் வருகின்றன என்பது முன்னேற்றமே. ஆனால், வாக்களித்து முடிந்து பல மாதங்கள் கழித்து வரும் தகவல் வாக்காளருக்கு என்ன பயன்? பல கொடையாளரின் பணம் ஓர் அறக்கட்டளையில் கலந்து பல கட்சிகளுக்குப் பிரியும்போது, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதும் மீண்டும் மங்கிவிடுகிறது. 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பொது அமைப்புகள் என்று அறிவித்தது. எதிரும் புதிருமாக நிற்கும் கட்சிகள் அனைத்தும் அந்த ஆணையை மதிக்காமலிருப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கின்றன.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கட்சியின் தேர்தல் செலவுக்கும் வரம்பு வேண்டும். எவ்வளவு சிறிய தொகையாயினும் மொத்தக் கணக்கு தணிக்கைக்கு உட்பட வேண்டும். பெருந்தொகை கொடுத்தவரின் பெயர் வாக்குப்பதிவுக்கு முன்பே வெளிவர வேண்டும். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனம் அந்தக் காலத்தில் கட்சிகளுக்குக் கொடுக்கத் தடை வேண்டும். தனித்தொகுதியில் நிற்கும் வேட்பாளர்களின் நியாயமான செலவுக்குப் பொது நிதி வேண்டும்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு விவரங்கள் அடங்கிய உறுதிமொழிப் பத்திரம் வேட்புமனுவுடன் வெளியாகிறது. 2002, 2003 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பெற்றுத் தந்த உரிமை அது. தேர்தல் முடிவு வெளியான முப்பது நாள்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும். சிறு கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் அதைப் பார்வையிடலாம். நம் ஊரில் எத்தனை வண்டி ஓடியது, எத்தனை பந்தல் போட்டார்கள், எத்தனை நாள் மேளம் அடித்தது என்பதைப் பந்தல் கட்டியவரும் மேளம் அடித்தவரும் அறிவார்கள். அவர்கள் நம் மக்கள். கணக்கில் எழுதியிருப்பதையும் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டுக் கேள்வி எழுப்பும் தகுதி அவர்களுக்கே முதலில் உண்டு. ஒவ்வொரு தனித்தொகுதியிலும் படித்த இளைஞர் நால்வர் இந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கினால் போதும்.

அஞ்சார் குடும்பத்தின் புகாருக்கு என்ன முடிவு வந்தாலும், அவர்கள் பெயரில் வாங்கிய பத்திரங்கள் பணமாகி ஒரு தேர்தலுக்கு முன்பே கட்சிகளின் கணக்கில் சேர்ந்துவிட்டன. தம் நிலத்தின் விலை யாருடைய பரப்புரைக்குச் செலவானது என்பதை அவர்கள் ஒரு பட்டியலைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலும் நீதிமன்றம் மும்முறை வற்புறுத்திய பிறகே கிடைத்தது. அடுத்த பட்டியலைக் கேட்க நீதிமன்றம் முன்வரும் வரை நாம் காத்திருக்கலாகாது.